குப்பையை அகற்றுகின்றார்களா? ஏழையின் வாயிலில் கொட்டுகின்றார்களா?

காணையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்து வளர்ந்த எவர்க்கும் குப்பை என்பது அருவருக்கும் சொல்லன்று. வீட்டுக்குப் பின்புறம் ஒரு குப்பைமேடு இருக்கும். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் வைக்கோற் கூளமும் உதிர்ந்த வேப்பிலையும் அதில் ஓராண்டு கிடந்து மட்கும். ஆடி பிறந்ததும் வண்டிக்குத் தட்டி கட்டி, அம்மேட்டை வெட்டி ஏற்றி, மல்லாட்டைக் கொல்லைக்கும் நெற்கழனிக்கும் கொண்டுபோய்ச் சிறு சிறு குவியலாகக் கொட்டி இறைப்போம். "இந்த ஆண்டு எத்தனை வண்டிக் குப்பை அடித்தாய்?" என்று கேட்பது, அந்நாளில் ஒருவனின் செல்வநிலையை உசாவும் நாகரிகமான முறையாக இருந்தது. குவி என்னும் அடியிற் பிறந்த சொல் குப்பை. நெல்லாயினும் உப்பாயினும் குவிந்து கிடந்தது பழந்தமிழர்க்குக் குப்பையே. குப்பைமேட்டில் தாமே பொருதும் கோழிகளை உவமை சொன்ன கரணியத்தால் குப்பைக் கோழியார் என்றே ஒரு கழகப் புலவர்க்குப் பெயர் வழங்கிற்று. அவர் பாட்டு குறுந்தொகையில் இன்றும் இருக்கின்றது. எருவிடுதலை உழுதலினும் மேலாக வைத்தார் திருவள்ளுவர். இப்படி வாழ்வுக்கு முதலாக இருந்த ஒரு பொருள், சென்னைக்குப் போனதும் எவர் கண்ணிலும் படாமல் எங்கேனும் தொலைக்கப்பட வேண்டியதாக மாறியது எவ்வாறு? தொலைக்கும் பணி யார் தலையில் விழுந்தது? தொலைப்பதாகச் சொல்லிப் பொருள் ஈட்டுகின்றவர் யாவர்? இக்கேள்விகளை எம்முள் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பெரம்பூரில் வாழ்ந்த எம் தமையனார் மறைந்தார். அவர் மகன் வேற்றூரில் வேலையில் இருப்பவன். வீட்டை விற்றாக வேண்டும். உள்ளே இருக்கும் பழம்பொருள்களை ஒழித்தாக வேண்டும். தேக்குக் கட்டில் ஒன்று, இரும்புப் பெட்டி இரண்டு, அம்மி, உரல், ஓடாத சுவர்க் கடிகாரம், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், முப்பதாண்டுக் காலம் அவர் கட்டிக் கட்டி வைத்திருந்த தமிழ்த் திங்களிதழ்கள். அவன் கைப்பேசியில் ஒரு நிறுவனத்தை அழைத்தான். பெயர் ஆங்கிலம், பேசியவள் பேச்சில் முக்கால் பங்கு ஆங்கிலம். பொருள்களைப் படமெடுத்து அனுப்பினான், விலை சொன்னார்கள். அவர்கள் நமக்குத் தரும் விலை என்றே முதலில் நினைத்தோம். இல்லை, நாம் அவர்களுக்குத் தரவேண்டிய விலை! பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போன மிதிவண்டி வணிகரைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, தேக்கையும் இரும்பையும் எடுத்துச் செல்லக் காசும் கொடுத்தனுப்பும் இந்த வணிகம் விளங்கவே சற்று நேரமாயிற்று.

சரக்குந்தோடு வந்தவர் இருவர். இருபத்தைந்து அகவை கடக்காத இளைஞர்கள். கையுறை இல்லை, காலில் தேய்ந்த செருப்பு. மூன்று மாடிப் படிகளில் அந்தக் கட்டிலைக் கழற்றிச் சுமந்து இறக்கினார்கள். யாம் ஏதோ பேச்சில் 'மல்லாட்டை' என்று சொல்லிவிட, ஒருவன் நின்று திரும்பிப் பார்த்தான். "ஐயா, நீங்க விழுப்புரம் பக்கமா?" என்றான். உசாவினால், எம் ஊருக்கு அப்பால் இரண்டாம் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். தந்தைக்கு ஓர் ஏக்கர் மானாவாரி. அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கும் கூலி அறுநூறு உருவா. எம் தமையனார் மகன் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது அதைப்போல் பன்மடங்கு. "இவையெல்லாம் எங்கே அப்பா போகும்?" என்று கேட்டோம். "விலை போறது புதுப்பேட்டைக்கும் காயலான் கடைக்கும் போயிடும் ஐயா. விலை போகாதது ராத்திரியில எங்கயாவது போகும். நாங்க கேட்கறதில்ல" என்றான். இதழ்க் கட்டுகள் எடைக்குப் போயின. உரலை மட்டும் அவன் வண்டியில் ஏற்றாமல் வாயிலோரம் உருட்டி வைத்து, "இத ஊருக்கு எடுத்துட்டுப் போங்க ஐயா, வீணாக்காதீங்க" என்றான்.

அவன் சொன்ன அந்த 'எங்கயாவது' என்னும் ஒரு சொல்லில்தான் சென்னை மாநகரத்தின் தூய்மை முழுதும் அடங்கியிருக்கின்றது.

தமையனார் மகனை யாம் குறை சொல்லவில்லை. இரண்டறை வீட்டில் அடுத்தடுத்து ஆயிரம் குடும்பங்கள் அடைந்து கிடக்கும் ஊரில் பழைய மெத்தையை எங்கே வைப்பான்? தெருமுனைத் தொட்டியில் போட்டால் மாநகராட்சி எடுக்காது. போடாவிட்டால் வீட்டில் இடமில்லை. இந்த இடைவெளியில்தான் இத்தகைய நிறுவனங்கள் முளைத்தன. 2025 அக்டோபரில் மாநகராட்சியே இதனைக் கையிலெடுத்து, காரிக்கிழமைகளில் (சனி) வீடுதேடி வந்து பழைய மெத்தை, இருக்கை, துணி முதலியவற்றை வாங்கிக் கொள்ளத் தொடங்கிற்று. 1913 என்னும் எண்ணுக்குப் பேசினால் போதும். (மாநகராட்சி குடியிருக்கும் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பது ஒரு வேடிக்கை.) நல்ல பணியே, வரவேற்கின்றோம். ஆனால் வாங்கியதை என்ன செய்வதாக அறிவித்தார்கள்? மணலியிலுள்ள எரியூட்டு நிலையத்தில் எரிப்பதாக! அடையாற்றிலும் அண்ணாநகரிலும் கழிக்கப்பட்ட மெத்தையின் புகையை மணலியில் இருப்பவன் ஏன் மூக்கில் ஏற்க வேண்டும்? உரத் தொழிற்சாலையும் எண்ணெய் ஆலையும் அனல்மின் நிலையமும் ஏற்கெனவே சூழ்ந்த மண்ணில் இன்னும் ஒரு புகைபோக்கி என்றால், வடசென்னையில் வாழ்வோர் மாந்தரில்லையா?

கொடுங்கையூரைப் பாருங்கள். முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வடசென்னையின் நடுவே மலைபோல் எழுந்து நின்றது பல்லாண்டுக் குப்பை. அதைச் சுற்றிக் குடிசையும் பள்ளியும் சிறுவரும். அந்தப் பழங்குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கும்போதே, அவ்விடத்திலேயே எரித்து மின்னாற்றல் எடுக்கும் ஆலை வேண்டுமென்று திட்டமிட்டார்கள். 2025இல் அப்பகுதி மக்கள் தெருவில் கைகோத்து மாந்தச் சங்கிலியாய் நின்று எதிர்த்தார்கள். தெற்கே பெருங்குடி. அது குப்பைக்கென்று இயற்கை ஒதுக்கிய பள்ளமன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உடல். மழைநீரை உள்வாங்கித் தென்சென்னையை வெள்ளத்தினின்று காத்துவந்த அந்நிலம் பத்திலொரு பங்காகச் சுருங்கிய பின்னர், 2022இல் உலகின் மதிக்கத்தக்க ஈரநிலங்களுள் ஒன்றென இராம்சார் பட்டியலில் ஏறிற்று. அதே 2022 ஏப்பிரலில் அதே சதுப்பின்மேல் கிடந்த பெருங்குடிக் குப்பைமேடு பற்றியெரிந்து நாள்கணக்கில் புகைந்தது. உலகப் பட்டியல் ஒரு கையில், தீப்பந்தம் மறுகையில்!

அகற்றல் என்றால் என்ன? ஒரு பொருளை இல்லையாக்குதலா? எவனாலும் எதையும் இல்லையாக்க முடியாது. மட்கச் செய்யலாம், மறுபடி பயன்படுத்தலாம், உருக்கி வேறு பொருளாக்கலாம். இவற்றுள் எதையும் செய்யாமல் ஓரிடத்தினின்று இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அகற்றல் என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் இரண்டகம். செல்வன் வாயிலினின்று எடுத்து ஏழை வாயிலில் போடுவது இடமாற்றம், அவ்வளவே.

சென்னை ஒரு நாளைக்குக் கழிப்பது ஐயாயிரம் டன்னுக்கு மேல். அதில் ஏறத்தாழச் சரிபாதி மட்கும் பொருள். காணையின் குப்பைமேட்டில் போட்டால் அடுத்த ஆடிக்கு எருவாகிவிடும். எஞ்சியதில் ஒரு பங்கு தாள், கண்ணாடி, இரும்பு, நெகிழி, விலைபோகும் பொருள். வீட்டிலேயே பிரித்து வாங்கிவிட்டால் கொட்டுவதற்கு மிஞ்சுவது மிகக் குறையும். இது எவர்க்கும் தெரியாத மறைபொருளன்று. 2000இலும் 2016இலும் வந்த திண்மக் கழிவு விதிகள் பிரித்தே வாங்க வேண்டுமென்று கட்டளையிட்டன. பின் ஏன் நடக்கவில்லை? தமிழர்க்குத் துப்புரவு உணர்வு இல்லையென்று படித்த பெருமக்கள் சிலர் வாய்கூசாமல் சொல்லித் திரிகின்றனர். அவர்கள் சொல்லாமல் விட்டதை நாம் சொல்கின்றோம்: பிரிப்பதால் இழப்பு எவனுக்கோ அவனிடமே குப்பை அள்ளும் பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது.

வரலாற்றைத் திருப்பிப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில், மு.க. இசுடாலின் மாநகரத் தலைவராய் (மேயர்) இருந்தபோது, சென்னையின் மூன்று மண்டலங்களின் குப்பை பிரெஞ்சு நாட்டு விவேந்திக் குழுமத்தைச் சார்ந்த ஓனிக்சு என்னும் நிறுவனத்துக்கு ஏழாண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. 2007இல் அது போய் நீல் மெட்டல் பனால்கா வந்தது. வடநாட்டு நிறுவனம் ஒன்றும் கொலம்பிய நாட்டு நிறுவனம் ஒன்றும் கூடிய கூட்டு. அதன்பின் ஐதராபாத்தின் இராம்கி. 2020இல் இசுபெயின் நாட்டு உர்பேசரும் வடநாட்டுச் சுமீத்தும் சேர்ந்த கூட்டு நிறுவனம். ஆட்சிக் கட்டிலில் ஏறி இறங்கிய இரு கழகங்களும் இதில் ஒருவர்க்கொருவர் இளைத்தவரல்லர். பாரிசும் கொலம்பியாவும் இசுபெயினும் வந்து அள்ளினால்தான் தமிழன் தெருவில் கிடக்கும் வாழையிலை நகருமா? குனிந்து அள்ளியவன் என்னவோ தமிழன்தான். நிமிர்ந்து நின்று பட்டியலிட்டுப் பணம் வாங்கியவன்தான் அயலான்.

அந்த முதலிரண்டு குத்தகைகளிலும் கூலி எடைக்கு. ஒரு டன் அள்ளினால் இவ்வளவு என்று கணக்கு. இதை எண்ணிப் பாருங்கள். எடைக்குக் காசு என்றால் ஈரக் குப்பை தனியாகவும் உலர் குப்பை தனியாகவும் பிரிந்து தெருவிலேயே மட்கிப் போவது குத்தகையாளனுக்கு ஆதாயமா, இழப்பா? மழையில் நனைந்த குப்பை அவனுக்கு இனிக்கும். இடிந்த கட்டடத்தின் செங்கல்லும் மண்ணும் வண்டியில் ஏறினால் இன்னும் இனிக்கும். இடிபாட்டைக் கலந்து எடை ஏற்றுவதாக அந்நாளில் குற்றச்சாட்டுகள் எழுந்ததில் வியப்பென்ன? குப்பை பெருகப் பெருக ஊதியம் பெருகும் ஒருவனிடம் குப்பையைக் குறைக்கும் பொறுப்பைக் கொடுப்பது, கள்ளுக்கடைக்காரனிடம் குடிமறப்பு மன்றத்தை ஒப்படைப்பது போன்றது. பிற்காலத்து ஒப்பந்தங்களில் எடைக் கணக்கை விட்டுப் பணியின் தரத்தை அளந்து கூலி கொடுப்பதாக மாற்றினார்கள். இருபதாண்டு கழித்தாவது கண் திறந்ததே என்று மகிழலாம். ஆனால் அளப்பவன் யார், அளவுகோல் எது, அது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றது? தெருவில் குடியிருப்பவன் படித்துப் பார்க்க முடியாத ஆங்கிலத் தாள்கள் அவை.

இனி, குனிந்து அள்ளுகின்றவர் நிலைக்கு வருவோம். துப்புரவுப் பணியாளர் என்றிருந்த பெயரை 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். இரண்டும் தமிழ்ச் சொற்களே. அதுபற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால் துப்புரவு என்னும் சொல்லை வள்ளுவர் ஆண்ட இடம் எது தெரியுமா? நல்குரவு என்னும் இயலில். நுகர்தற்குரிய பொருள் என்னும் கருத்தில். உண்ணவும் உடுக்கவும் வேண்டுவன எவையோ அவையே துப்புரவு. அவை இல்லாதவரைத் துப்புரவுப் பணியாளர் என்று அழைத்து வந்தோம்! இப்போது பெயரையும் மாற்றிவிட்டோம். இல்லாமையை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். தலைமுறை தலைமுறையாக ஒரே சேரி மக்கள், ஒரே குடும்பங்கள், ஒரே விளக்குமாறு. பெயர்ப்பலகையில் தமிழ் எழுதுவதற்குப் போராடும் நாம், அப்பலகையின்கீழ் நின்று தெருக் கூட்டும் தமிழச்சியின் கையுறைக்கும் போராடாவிட்டால் நம் மொழிப்பற்றுக்கு என்ன பொருள்?

2025 ஆடித் திங்களை நினைவு கூருங்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பைப் பணியையும் மாநகராட்சி இராம்கிக் குழுமத்து நிறுவனமொன்றுக்குப் பத்தாண்டுக் குத்தகையாக விட்டது. அங்கே பல்லாண்டுகளாகப் பணியாற்றி வந்த ஏறத்தாழ இரண்டாயிரவர், பெரும்பாலும் பெண்கள், ஆகசுட்டு முதல் நாள் தொடங்கி ரிப்பன் மாளிகை வாயிலில் நடைபாதையில் அமர்ந்தார்கள். இருபத்து மூவாயிரம் அளவில் பெற்றுவந்த கூலி குத்தகையாளனிடம் பதினேழாயிரம் அளவுக்கு இறங்கும் என்று முறையிட்டார்கள். எதிர்க்கட்சியாய் இருந்த நாளில் நிலைப்பணி வேண்டுமென்று பேசியவர்களுக்கு அப்பேச்சை நினைவூட்டினார்கள். 2000இல் மாநகரத் தலைவராய் இருந்து முதற் குத்தகையைத் திறந்து வைத்தவரே அப்போது முதலமைச்சராய் இருந்தார். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். நடைபாதையை மறித்துப் போராடலாகாதென்று உயர்முறைமன்றம் சொல்லிற்று. 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை சூழ்ந்து அவர்களை இழுத்துச் சென்று ஊர்திகளில் ஏற்றியது. எந்த நகரத்தின் குப்பையை அவர்கள் இரவில் அகற்றினார்களோ அந்த நகரம் இரவில் அவர்களை அகற்றிற்று. மறுநாள் அமைச்சரவை கூடிக் காலையுணவும் காப்பீடும் தொழில் தொடங்கக் கடனுதவியும் அறிவித்தது. உணவு கொடுப்பதை யாரும் பழிக்கவில்லை. ஆனால் அவர்கள் பதின்மூன்று நாள் குந்தியிருந்தது இட்டலி கேட்டா?

அந்த ஆடியில்தான் எம் ஊரில் குப்பை வண்டிகள் (எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு) கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தன.

'தனியார் வந்தால்தான் தெரு தூய்மையாகும். நீங்கள் உலகம் அறியாதவர்கள்' என்பர் சிலர். உலகத்தைத்தான் காட்டுகின்றோம். எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் சபாலீன் எனப்படும் மக்கள் தலைமுறைகளாக வீடுவீடாகச் சென்று குப்பை வாங்கி, தம் வீட்டு முற்றத்தில் கையால் பிரித்து, நூற்றுக்கு எண்பது வரை மறுபயனுக்குக் கொண்டு வந்தார்கள். மட்கும் உணவைப் பன்றிகளுக்கு இட்டார்கள். 2003இல் அவ்வரசு அவர்களை ஒதுக்கிவிட்டு இத்தாலி, இசுபெயின் நிறுவனங்களுக்குக் குத்தகை விட்டது. வந்தவர்கள் தெருமுனையில் தொட்டி வைத்தார்கள்; அள்ளினார்கள்; கொட்டினார்கள். மறுபயன் பங்கு சபாலீன் செய்ததன் கிட்டவும் நெருங்கவில்லை. 2009இல் பன்றிக் காய்ச்சலுக்கு அஞ்சிப் பன்றிகளையெல்லாம் கொன்றபின் தெருவெல்லாம் உணவுக் குப்பை அழுகி நாறிற்று. அந்நகரத்தின் தூய்மை யாரால் நின்றது என்பது அப்போதுதான் ஆட்சியாளர்க்கு விளங்கிற்று. அவ்வளவு தொலைவு போவானேன்? புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் தமக்கென ஓர் அமைப்பு கண்டு, பின்னர்க் கூட்டுறவாகத் திரண்டு, 2008 முதல் அம்மாநகராட்சியோடு நேரே உடன்படிக்கை செய்துகொண்டு வீட்டுக்கு வீடு குப்பை வாங்குகின்றார்கள். அவர்கள் கற்றவரல்லர், பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட பெண்கள். அவர்களால் முடிந்தது கண்ணகி பிறந்த மண்ணின் பெண்களால் முடியாதா?

நம்மிடம் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. காயல்பட்டினத்து வணிகர் நடத்தியமையால் காயலான் கடை என்று பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் பழம்பொருட் கடைகள் இன்றும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் விலைபெறுகின்றது. விடியற்காலையில் சாக்குப்பையோடு திரியும் பெண்ணும் சிறுவனும் எந்த அரசுக் காசும் வாங்காமல் நகரத்தின் சுமையை நாள்தோறும் குறைக்கின்றார்கள். 2016 விதிகள் இவர்களையும் அமைப்பில் சேர்க்கச் சொல்லின. சேர்த்தார்களா? காவலர் துரத்துவதைத்தான் பார்க்கின்றோம். பட்டறிவும் கைத்திறனும் உள்ளவனைத் துரத்திவிட்டுப் பட்டியல் போடத் தெரிந்தவனுக்குக் குத்தகை!

சிற்றூர்க்காரன் இதிலெல்லாம் ஏன் தலையிட வேண்டுமென்று காணையிலேயே ஒருவர் எம்மைக் கேட்டார். அவர்க்குச் சொன்ன விடையை இங்கும் சொல்கின்றோம். அள்ளச் செல்பவன் நம் பிள்ளை என்பது முதல் விடை. இரண்டாவது: 2022இல் சென்னைப் பெருநகரப் பரப்பை ஏறத்தாழ 1,189 சதுரக் கிலோமீட்டரினின்று 5,904 ஆக விரித்து அரசு ஆணையிட்டது. நகரம் விரிகின்றபோது முதலில் வெளியே வருவது அதன் குப்பை. கொடுங்கையூரும் பெருங்குடியும் நிரம்பியபின் கண்கள் எத்திசை திரும்பும்? செங்கற்பட்டு தாண்டினால் திண்டிவனம். திண்டிவனம் தாண்டினால் நாம். ஏரிப் புறம்போக்கு ஒன்று 'வெறுமையாக' இருப்பதாக ஒரு நாள் ஓர் அலுவலர் தாளில் எழுதிவிட்டால் போதும். மூன்றாவது விடையைச் சொல்ல நாணமாக இருக்கின்றது: எம் ஊர்ச் சாலையோரத்திலும் இப்போது நெகிழிப் பைகள் குவிகின்றன. எருவாகும் குப்பையை விட்டு எரியும் குப்பைக்கு நாமும் மாறிவிட்டோம். வண்டி மாடும் இல்லை, குப்பைமேடும் இல்லை; ஊராட்சித் தள்ளுவண்டி வருவதை நாமும் வாயிலில் நின்று எதிர்பார்க்கின்றோம்.

ஆதலின் நாம் கேட்பது இவ்வளவே. பல்லாண்டு குப்பை அள்ளியவர் அனைவர்க்கும் மாநகராட்சியே நேரடியாக நிலைப்பணி கொடுக்கட்டும். அந்தந்த வட்டத்துக் குப்பை அந்தந்த வட்டத்திலேயே பிரிந்து மட்கட்டும். போயசுத் தோட்டத்தின் குப்பை மணலிக்கும் கொடுங்கையூருக்கும் போகாதென்று தீர்மானம் இயற்றட்டும். எருவாவதை உழவனுக்குக் கொடுக்கட்டும். காணையிலிருந்து நாங்கள் வந்து ஏற்றிக்கொள்கின்றோம். பழம்பொருள் ஒழிக்கும் தனி நிறுவனங்கள் எங்கே கொட்டுகின்றன என்பதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு தமிழில் இருக்க வேண்டும்.

சென்னையில் வாழும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். பத்து உருவாக் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் எழுதி, உங்கள் மண்டலத்தின் குப்பைக் குத்தகை ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். ஒரு டன்னுக்கோ ஒரு பணிக்கோ எவ்வளவு கொடுக்கின்றார்கள், அதில் அள்ளுபவர் கைக்கு எவ்வளவு சேர வேண்டுமென்று எழுதியிருக்கின்றது, எங்கே கொட்டுவதாக எழுதியிருக்கின்றது என்னும் மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். விடை வந்தாலும், தமிழில் இல்லையென்று மறுத்து வந்தாலும், அதன் படியை நமக்கு விடுத்து வையுங்கள். வந்தது வந்தபடி வெளியிடுவோம்.